உத்தமத் திட்டுக்குக் காவல்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் மழைக்கும் வெயிலுக்கும்கூட ஆணை பிறப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், ஒரு நாட்டை உத்தமராயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய அரண்மனைக்குத் தெற்கே பின்னலாறு ஓடியது. ஆறு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது ஒன்றாக ஓடி யாரும் பார்த்ததில்லை. மேற்கு மலையிலிருந்து சரளைக்கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு இறங்கும். சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து, சுமக்க மாட்டாமல் சுமையை நடுவழியில் போட்டுவிடும். போட்டதைச் சுற்றிக்கொண்டு இரண்டாகப் போகும். இரண்டு நான்காகும், நான்கு மறுபடி இரண்டாகும். மேல்மாடத்திலிருந்து பார்த்தால், தலை முழுகி வந்தவள் பின்னலை அவிழ்த்து உலர்த்துகிற மாதிரி இருக்கும்.

ஒரு மாசி மாதக் காலையில் ராஜா மேல்மாடத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆற்றின் நடுவே, வெள்ளை வெளேரென்று, நுனியில் பச்சை நாணலோடு ஒரு மணல்திட்டு கிடந்தது. ராஜாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது யாருடையது?" என்று கேட்டார்.

"இந்த நாட்டில் உள்ளதெல்லாம் மகாராஜாவினுடையதுதான்" என்றார் பக்கத்தில் நின்ற, மந்திரிகளுக்குத் தலைவரான பிரதானி அழகியநம்பி.

"அப்படியானால் அதற்கு உத்தமத் திட்டு என்று பெயர் வையுங்கள். அடுத்த ஆண்டு நம் பிறந்தநாளுக்கு அங்கே ஒரு மண்டபம் எழும்ப வேண்டும். அதுவரை நம் அனுமதியில்லாமல் ஒருவர் கால் வைக்கக் கூடாது."

கால் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். வெள்ளம் வடிந்ததும் எந்தத் திட்டு மேலே தலை காட்டுகிறதோ அதில் வெள்ளரி போட்டுப் பிழைக்கிற ஜனங்கள் அவர்கள். அன்று மத்தியானமே தளவாய் கஜபதியின் சேவகர்கள் போய்ப் பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகளைப் பிடுங்கி ஆற்றில் விட்டார்கள். வெள்ளரிக்காரி குருவம்மாள் திட்டின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "என்னையும் பிடுங்கிப் போடுங்க" என்றாள். அவளையும் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைத்தார்கள்.

மறுநாள் சபையில் மண்டபத்துக்கு எத்தனை தூண் என்று பேச்சு நடந்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அரண்மனை விகடகவி தாண்டவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தாண்டவன் வாயைத் திறக்காவிட்டால் ராஜாவுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

"தாண்டவா, நீ என்ன சொல்கிறாய்?"

"மகாராஜா, மண்டபத்துக்குத் தூண் வேண்டாம். சக்கரம் வைக்கச் சொல்லுங்கள்" என்றான் தாண்டவன்.

"ஏன்?"

"திட்டு நகரும். மண்டபமும் கூடவே போக வேண்டுமல்லவா? தண்ணீர் அதன் தலைப்பக்கத்தை அரித்து வால்பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்தத் திட்டு போன ஆண்டு பனந்துறைக்கு நேராக இருந்தது. அடுத்த ஆண்டு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திட்டுக்கே தெரியாது."

சபையில் நாலு பேர் சிரித்தார்கள். பிரதானி சிரிக்கவில்லை. அவர் பேசும்போது ராஜா கொட்டாவி விடுவார்; தாண்டவன் பேச ஆரம்பித்தால் அந்தக் கொட்டாவி பாதியில் நின்றுவிடும். இதை அவர் வெகுநாளாகக் கவனித்துவந்தார். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து எழுந்தார்.

"மகாராஜாவின் பெயரைத் தாங்கிய பூமி மகாராஜாவின் ஆணையை மீறி ஓடிப்போகும் என்கிறான் இவன். கேட்டுக்கொண்டிருக்கவே என் காது கூசுகிறது. திட்டு ஓடாது. கவனிப்பார் இல்லாவிட்டால் ஓடலாம். ஆகவே இவ்வளவு தெரிந்த தாண்டவனையே அதற்குக் காவலாக வைக்க வேண்டும் என்பது அடியேன் விண்ணப்பம்."

"காவல் தவறினால்?" என்றார் தளவாய், பிரதானி கண்ணைக் காட்டியதும்.

"தலையை மொட்டையடித்து, கழுதைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, எல்லைக்கு வெளியே விட்டுவிடலாம். குடும்பத்தோடு" என்றார் பிரதானி.

ராஜாவுக்குத் திட்டின்மேல் இருந்த ஆசையில் இது நியாயமாகவே பட்டது. "அப்படியே ஆகட்டும். அடுத்த தை பிறந்ததும் நாம் நேரில் வந்து பார்ப்போம். பிறகு மண்டப வேலையைத் தொடங்கலாம்" என்றார்.

தாண்டவன் பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கும்பிட்டான்.

"உத்தரவு, மகாராஜா. ஒரு சந்தேகம் மட்டும் தீர வேண்டும். காக்கச் சொல்கிற பொருள் எது என்று தெரியாமல் காக்க முடியாது. மாடு என்றால் கொம்பு, வால் என்று அடையாளம் உண்டு. திட்டுக்கு என்ன அடையாளம்? அதன்மேல் அரண்மனைக் கொடிக்கம்பம் நட்டிருக்கிறது. அந்தக் கம்பம் நிற்கிற இடம்தான் திட்டு என்று வைத்துக்கொள்ளலாமா?"

பிரதானி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கம்பத்தைப் பிடுங்கி வேறொரு மணல்மேட்டில் நட்டுவிட்டு, இதுதான் திட்டு என்று சாதிக்கப் பார்க்கிறான்!

"கூடாது. கம்பம் கணக்கில்லை. திட்டின் இரு பக்கமும் ஆறு இரண்டு கிளையாக ஓடுகிறது. வடகிளைக்குத் தெற்கே, தென்கிளைக்கு வடக்கே, இரண்டு தண்ணீருக்கும் நடுவே உள்ள பூமி எதுவோ, அது முழுவதும் உத்தமத் திட்டு. இதில் ஒரு பிடி குறைந்தாலும் தண்டனை" என்றார்.

"கூடினால்?"

"கூடினால் மகாராஜாவுக்கு லாபம்."

"பிரதானியார் சொன்னதை அப்படியே ஊரில் தண்டோரா போட்டுவிட்டால் எனக்கு மறக்காமல் இருக்கும்" என்றான் தாண்டவன். பிரதானி இரண்டு முறை போடச் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி உமையாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். தண்டோரா அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"மண்ணுக்கா காவல் இருக்கப் போறீங்க?"

"மண்ணுக்குத்தான்."

"வெள்ளத்துல மண்ணு நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம்?"

"தண்ணி ரெண்டா ஓடுற வரைக்கும் நடுவுல ஏதாவது இருக்கும்ல? அதான் எனக்கு வேணும்."

"கழுதை மேல ஒருத்தர்தான் உட்கார முடியும். நான் நடந்தே வரேன்" என்று சொல்லிவிட்டு உமையாள் உள்ளே போனாள்.

தாண்டவன் திட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டான். காவல்காரனுக்கு அனுமதி உண்டு. வேறு வேலை இல்லாததால் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்கத்தான் அது ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை என்பது தெரிந்தது. கோடை மழையில் ஆறு கொஞ்சம் பெருகி வடிந்தால்கூட, முதலில் பெரிய கல் நிற்கும். அதன் பின்னால் சிறு கல் ஒதுங்கும். அதற்கும் பின்னால், தண்ணீர் சுணங்குகிற இடத்தில், மணல் வாலாக நீளும். வாலில் நாணல் முளைத்தால் அது வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் மேடு உயர உயர, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கரையைக் கடிக்கும். கடித்து விழுந்த கரை கீழே எங்கேயோ போய் இன்னொரு திட்டாகும். இரண்டு கிளையில் ஒன்று வலுத்தால் மற்றது இளைக்கும். இளைத்தது மணலால் அடைபட்டுப் போகும். ஆறு அதை மறந்துவிடும். பிறகு ஒரு வெள்ளத்தில் திடீரென்று ஞாபகம் வந்து அந்த வழியே திரும்பப் போகும்.

குருவம்மாள் தினமும் வடகரையில் வந்து நின்று அவனைத் திட்டிவிட்டுப் போவாள்.

"எங்க கொடியைப் பிடுங்கினாங்க. உமக்குக் குடிசை போட்டுக் கொடுத்தாங்க. நல்லா இருங்க, ஐயா!"

"நான் எங்கேம்மா நல்லா இருக்கேன்? தை பிறந்தா எனக்கு மொட்டை."

"மொட்டைன்னா முளைச்சிரும். எம் பிள்ளைங்க வயிறு?"

தாண்டவன் குடிசைக்குத் திரும்பினான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் தென்கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. தென்கரை முழுவதும் பிரதானியின் மாந்தோப்பு. தோப்பின் நடுவே அவருக்கு ஒரு கோடை வீடும் உண்டு. வண்டி வண்டியாகக் கல்லும் பனைமரத் துண்டும் வந்து இறங்கின. தென்கிளை பிரிகிற வாயிலேயே அவற்றைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். பிரதானி குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

தாண்டவனுக்குச் சட்டென்று புரிந்தது. தென்கிளை அடைபட்டுப் போனால், திட்டு தென்கரையோடு ஒட்டிவிடும். தென்கிளையே இல்லையென்றால் 'தென்கிளைக்கு வடக்கே' என்று எதைச் சொல்வது? பெரிய மனுஷர் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டான். முழங்கால் தண்ணீரில் கிளையைக் கடந்து அவரிடம் போனான்.

"பிரதானியாரே, இது எதற்கு?"

"என் கரை அரிக்கிறது. காப்பாற்றிக்கொள்கிறேன்."

"இந்த வழியை அடைத்தால் வெள்ளத் தண்ணீர் இங்கேயே ஏறி நிற்கும். ஏறினது எங்கேயாவது போயாக வேண்டும். உங்கள் தோப்புக்குப் பின்னால் ஒரு கிழட்டு ஓடை இருக்கிறது. அது ஆறு எப்போதோ ஓடிய பழைய தடம். அதன் வாயில் ஒரு மண்மேடு மட்டும்தான் தடுப்பு. எனக்கென்னவோ தண்ணீர் அந்தப் பக்கம் பார்க்கும் என்று படுகிறது."

"அந்த ஓடையில் என் அப்பா காலத்திலிருந்து வாழை போட்டிருக்கிறோம்" என்றார் பிரதானி. "எனக்குத் தோப்பைக் காக்கத் தெரியும். நீ போய் உன் திட்டைக் காத்துக்கொள்."

"நான் சொல்லிவிட்டேன்."

"கேட்டுக்கொண்டேன். போ."

தாண்டவன் திரும்பி வந்தான். ஓடை திறந்தால் தனக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தான். யோசித்ததும் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் ஆறு யார் பேச்சையும் கேட்டு நடப்பதில்லை. தன் யோசனையையும் கேட்காமல் போகலாம். ஆகவே சந்தோஷப்படாமல் இருந்தான்.

ஆடியில் வெள்ளம் வந்தது. தாண்டவன் குடிசையைப் பிரித்துக்கொண்டு வடகரைக்கு வந்து சேர்ந்தான். கொடிக்கம்பம் கொஞ்ச நாள் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பிறகு கொடி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. ஆறு கரைக்குக் கரை ஒரே தண்ணீராக, மண் நிறத்தில், பெரிய பெரிய மரங்களை உருட்டிக்கொண்டு போயிற்று. உமையாள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், கொண்டுபோக வேண்டிய பாத்திரங்களைத் தனியே எடுத்து வைத்தாள். ஐப்பசி மழையில் இன்னொரு வெள்ளம். மார்கழி வரைக்கும் ஓடம் விட முடியவில்லை. பிரதானி அரண்மனையிலேயே இருந்தார். தோப்பில் அவருடைய சமையல்காரன் இருந்தான். அக்கரைச் சேதி இக்கரைக்கு வர வழியில்லை.

தண்ணீர் வடிந்து ஓடம் போகலாம் என்று ஆன அன்றே, மூடுபனியில், தாண்டவன் தனியாக அக்கரைக்குப் போய்விட்டு வந்தான். என்ன பார்த்தான் என்று உமையாளிடம் மட்டும் சொன்னான். அவள் பாத்திரங்களைத் திரும்ப அடுக்களையில் அடுக்கினாள்.

தை பிறந்தது. ராஜாவும் பிரதானியும் தளவாயும் சபையோரும் ஓடங்களில் ஏறி வடகிளையைக் கடந்தார்கள். ஊர் ஜனங்களும் பின்னாலேயே வந்தார்கள். குருவம்மாள் முன்வரிசையில் நின்றாள். கழுதையை ஒரு தனி ஓடத்தில் கொண்டுவந்திருந்தார் தளவாய். நாவிதரும் வந்திருந்தார்.

மணலில் இறங்கியதும் பிரதானி கண்ணை ஓட்டினார். கொடிக்கம்பம் நட்ட இடத்தில் வடகிளை ஓடிக்கொண்டிருந்தது. திட்டின் தலைப்பக்கம் அரித்துப் போயிருந்தது. தென்கிளை ஓடிய இடத்திலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரை மட்டத்துக்கு மணல் மேவிக் கிடந்தது.

"மகாராஜா பார்க்க வேண்டும்" என்றார் பிரதானி. குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டார். "கம்பம் போனது போகட்டும், அது கணக்கில்லை. தென்கிளையையே காணோம். தென்கிளை இல்லாமல் நடுவேது? நடுவில்லாமல் திட்டேது? உத்தமத் திட்டு தொலைந்துபோயிற்று!"

ராஜாவின் முகம் வாடிவிட்டது. "தாண்டவா, என்ன சொல்கிறாய்?"

"மகாராஜா, திட்டு இருக்கிறது. நாம் அதன்மேல்தான் நிற்கிறோம். தென்கிளை வரை கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரம்?"

"செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் நல்லது."

தாண்டவன் தெற்கே பார்த்து நடந்தான். ராஜா பின்னால் நடந்தார். எல்லோரும் நடந்தார்கள். மேவிய மணலைக் கடந்து, பழைய கரையைத் தாண்டி, மாந்தோப்புக்குள் நுழைந்தார்கள். பிரதானி, "இது அடியேனுடைய தோப்பு, மகாராஜா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கோடை வீட்டு வாசலில் சமையல்காரன் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். எசமானைக் கண்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வந்துட்டீங்களா சாமி! ஆடி மாசத்துலேர்ந்து எந்தப் பக்கமும் போக முடியல. முன்னாலயும் தண்ணி, பின்னாலயும் தண்ணி!"

"பின்னால் என்ன தண்ணீர்?" என்று பிரதானி மெதுவாகக் கேட்டார்.

போய்ப் பார்த்தார்கள். தோப்புக்குப் பின்னால், பிரதானியின் அப்பா காலத்திலிருந்து வாழை நின்ற இடத்தில், வடகிளைக்குச் சமமான அகலத்தில் ஒரு ஆறு சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாழைகூட இல்லை. நடுவில் சின்னதாக ஒரு சரளைத் திட்டு தலை காட்டியிருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றது.

தாண்டவன் கைகட்டிக்கொண்டு கேட்டான்.

"மகாராஜா, இது என்ன?"

"ஆறு."

"இது வடகிளைக்கு எந்தத் திசையில் இருக்கிறது?"

"தெற்கே."

"அப்படியானால் இதன் பெயர் தென்கிளைதான். வடகிளைக்குத் தெற்கே, தென்கிளைக்கு வடக்கே, இரண்டு தண்ணீருக்கும் நடுவே உள்ள பூமி முழுவதும் உத்தமத் திட்டு என்று பிரதானியார் இரண்டு முறை தண்டோரா போட்டிருக்கிறார். ஒரு பிடி குறையவில்லை. பிரதானியார் பழைய வாயை அடைத்துக் கொடுத்த புண்ணியத்தில் ஒரு மாந்தோப்பு கூடியிருக்கிறது. கூடினால் மகாராஜாவுக்கு லாபம் என்றும் அவரே சொன்னார். அவருடைய ராஜவிசுவாசம் யாருக்கு வரும்?"

ராஜா ஆற்றைப் பார்த்தார். தோப்பைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி நின்ற பிரதானியைப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒரே ஒரு சிக்கல்" என்றான் தாண்டவன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "மகாராஜாவின் அனுமதியில்லாமல் திட்டில் ஒருவர் கால் வைக்கக் கூடாது என்பது ஆணை. பிரதானியார் இங்கே ஒரு வீடே வைத்திருக்கிறார். பூசணிக்காய்ச் சாம்பார் வேறு கொதிக்கிறது. காவல்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வழியில்லை."

தளவாய், என்ன செய்வது என்று தெரியாமல், கழுதையின் கயிற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிரதானி ராஜாவின் காலில் விழுந்தார். "பிரபு, வீடு நகரவில்லை. ஆறுதான் நகர்ந்தது. இதில் அடியேன் குற்றம் என்ன?"

"நியாயம்" என்றான் தாண்டவன் உடனே. "மகாராஜா இவரை மன்னிக்க வேண்டும். இருந்த இடத்தில் இருந்தவர்மேல் திட்டு வந்து ஏறிக்கொண்டால் அவர் என்ன செய்வார்? வெள்ளரி போட்டவர்கள் கதையும் இதேதான். அவர்கள் விதை ஊன்றிய பிறகுதான் மணல் மகாராஜாவின் திட்டாயிற்று. வீடு வைத்தவருக்கு மன்னிப்பு உண்டென்றால், விதை வைத்தவர்களுக்கும் உண்டா என்று அந்த அம்மாள் கேட்கச் சொன்னாள்."

குருவம்மாள் அப்படி எதுவும் கேட்கச் சொல்லவில்லை. ஆனாலும், "ஆமா, சாமி, நான்தான் கேக்கச் சொன்னேன்" என்று குரல் கொடுத்தாள்.

அதற்குமேல் ராஜாவால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மாமரத்தில் சாய்ந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "எல்லோருக்கும் மன்னிப்பு. மணலில் வெள்ளரி போடுகிறவர்கள் எங்கே மணல் கிடைக்கிறதோ அங்கே போட்டுக்கொள்ளட்டும். தோப்பு பிரதானியாருடையது. தோப்புக்கு அடியில் இருக்கும் திட்டு நம்முடையது. அவர் தம் மாமரங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் காவல்காரனிடம் அனுமதி கேட்டுவிட்டு வரட்டும்."

பிரதானி அங்கேயே, எல்லோருக்கும் எதிரில், தாண்டவனிடம் அனுமதி கேட்டார். தாண்டவன் தாராளமாகக் கொடுத்தான்.

திரும்பும்போது ராஜா தாண்டவனைத் தம் ஓடத்திலேயே ஏற்றிக்கொண்டார்.

"மண்டபம் வேண்டாம் என்று தோன்றுகிறது" என்றார். "அந்தத் திட்டை உனக்கே பரிசாகக் கொடுத்துவிடட்டுமா?"

தாண்டவன் பதறிப்போய்க் கும்பிட்டான். "மகாராஜா, அடியேன் குடும்பஸ்தன். அடுத்த ஆண்டு அதை எந்த ஊரில் போய்த் தேடுவேன்? கட்டின இடத்தில் நிற்கிற மாதிரி ஒரு கறவை மாடு போதும்."

ராஜா சிரித்த சிரிப்பில் ஓடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓடக்காரன் துடுப்பைப் பிடித்தபடி, "மகாராஜா கோவிச்சுக்கக் கூடாது. இங்க இழுப்பு ஜாஸ்தி. கரை சேர்ந்ததும் சிரிக்கலாம்" என்றான். ராஜா அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கரை வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கரையில் இறங்கி, கால் தரையில் பாவியதும், மீதியையும் சிரித்து முடித்துவிட்டு, இரண்டு மாடு கொடுக்கச் சொன்னார்.